சோபா வாங்கினால் பாலம் வருமா? மினசோட்டாவில் பூங்காப் பணம் போகும் வழி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சில ஆண்டுகளாக வசிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "இங்கே விற்பனை வரியில் ஒரு பங்கு பூங்காவுக்கும் டிரெயிலுக்கும் (நடை, சைக்கிள் பாதைகளுக்கும்) போக வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். லாட்டரிப் பணமும் போகிறதாம். அப்படியிருந்தும் ஸ்டேட் பார்க்குக்குள் காரை விடக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் டிரெயிலில் ஒரு பாலம் மூன்று கோடைக்காலமாக அடைத்துக் கிடக்கிறது. கேட்டால் 'நிதி வரவில்லை' என்கிறார்கள். அந்தப் பணமெல்லாம் எங்கேதான் போகிறது?"

நியாயமான கேள்வி. பணம் போக வேண்டிய இடத்துக்குத்தான் பெரும்பாலும் போகிறது, யாரும் அள்ளிக்கொண்டு ஓடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்கல் என்னவென்றால், 'பூங்காப் பணம்' என்று ஒரே பை இங்கே கிடையாது. ஏழெட்டுச் சுருக்குப் பைகள் இருக்கின்றன. எல்லாப் பைகளின் கயிறும் மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் இருக்கும் சட்டமன்றத்தின் கையில். உங்கள் பாலத்துக்கு எந்தப் பையிலிருந்து பணம் வர வேண்டும் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எங்கள் ஊர்ப் பூங்கா ஆலோசனைக் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். எனக்கே இது பிடிபட ரொம்ப நாள் ஆனது.

உங்களுக்குத் தெரிந்த விற்பனை வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1,000 டாலருக்கு ஒரு சோபா வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாநில விற்பனை வரி 6.875 சதவீதம், அதாவது 68 டாலர் 75 சென்ட். அதில் 65 டாலர் அரசின் வழக்கமான வருமானம். மிச்சமுள்ள 3 டாலர் 75 சென்ட்தான் நீங்கள் சொல்லும் அரசியல் சட்டப் பணம். ஒரு சதவீதத்தில் எட்டில் மூன்று பங்கு என்று கணக்கு. இங்கே எல்லோரும் இதைச் சுருக்கமாக லெகசி என்பார்கள். மளிகைக்கும் துணிமணிக்கும் மாநில விற்பனை வரியே கிடையாது என்பதால், அவற்றிலிருந்து லெகசிக்கு ஒரு சென்ட்கூட வராது.

அந்த 3 டாலர் 75 சென்ட் முழுவதும் பூங்காவுக்கா என்றால், இல்லை. நான்கு உண்டியலாகப் பிரிகிறது. வேட்டை, மீன்பிடிப்பு, வனவிலங்கு வாழிடம் ஆகியவற்றுக்கான நிதிக்கு 33 சதவீதம். ஏரி, ஆறு, நிலத்தடி நீரைச் சுத்தமாக வைத்திருக்க 33 சதவீதம். கலை, பண்பாட்டுக்கு 19.75 சதவீதம். பூங்காவுக்கும் டிரெயிலுக்கும் 14.25 சதவீதம். நான்கில் ஆகச் சிறிய உண்டியல் நம்முடையதுதான். உங்கள் சோபாவிலிருந்து அதில் விழுவது 53 சென்ட்.

அந்த 53 சென்டும் மறுபடி மூன்றாகிறது. 40 சதவீதம் மாநிலப் பூங்காக்களுக்கும் மாநில டிரெயில்களுக்கும். இதை இயற்கை வளத் துறை, அதாவது டிஎன்ஆர், செலவழிக்கிறது. இன்னொரு 40 சதவீதம் இரட்டை நகரப் பகுதியின், அதாவது மினியாபொலிஸ், செயின்ட் பால் சுற்றுவட்டாரத்தின், வட்டாரப் பூங்காக்களுக்கு, அந்தப் பகுதிக்கான திட்டமிடல் அமைப்பான மெட்ரோபாலிட்டன் கவுன்சில் வழியாக. மிச்சம் 20 சதவீதம் மற்ற மாவட்டங்களின் வட்டாரப் பூங்காக்களுக்கு. இதற்கென்று 2013-ல் தனி ஆணையமே அமைத்தார்கள். ஆக, ஆயிரம் டாலர் சோபாவில் மாநிலப் பூங்காக்களுக்குப் போவது 21 சென்ட். மாநிலம் முழுக்கச் சேர்த்தால் இந்தச் சில்லறை பெரிய தொகைதான். லெகசியின் நான்கு உண்டியல்களும் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு 300 மில்லியன் டாலருக்கு மேல் தொடுகின்றன. ஆனால் 'அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதே' என்று நாம் மனதில் போடும் கணக்குக்கும் இந்த 21 சென்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் பங்கு இவ்வளவு சிறுத்ததற்கு ஒரு கதை உண்டு. இந்தத் திட்டத்தைப் பல ஆண்டுகள் தூக்கிச் சுமந்தவர்கள் வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும். 2005-ல் வாத்து வேட்டைக்காரர்கள் ஆரஞ்சுச் சட்டையும் உருமறைப்பு உடுப்புமாக வந்து சட்டமன்ற வாசலில் பேரணி நடத்தினார்கள். வாத்து குறைந்துபோச்சு, ஈரநிலத்தைக் காப்பாற்றுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்கள் வாக்கு மட்டும் போதாது என்று தெரிந்ததும் தண்ணீர்க்காரர்களைச் சேர்த்தார்கள், பூங்காக்காரர்களைச் சேர்த்தார்கள், கடைசியில் நாடகம், அருங்காட்சியகம், ஓவியம் என்று கலைக்காரர்களையும் சேர்த்தார்கள். வாத்துக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. சம்பந்தம் வாக்குக் கணக்குதான். மினசோட்டாவில் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற, அந்தக் கேள்விக்கு வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதாது. தேர்தலில் வாக்களித்த எல்லோரிலும் பாதிக்கு மேல் 'ஆம்' சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அது 'இல்லை' என்றே ஆகும். அதனால் கூட்டணி பெரிதாக வேண்டியிருந்தது. 2008 நவம்பர் 4 அன்று, ஒபாமா வென்ற அதே நாளில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், மக்கள் 56 சதவீத ஆதரவோடு தங்கள் மீதே வரியைக் கூட்டிக்கொண்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் வியப்புதான்.

சரி, பணம் சேர்ந்துவிட்டது. தானாக டிரெயிலுக்குப் போய்விடுமா? போகாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அரசியல் சட்டம் இந்தப் பணத்தை வேறெதற்கும் எடுக்காதே என்று பூட்டுகிறது, அவ்வளவுதான். எடுத்துச் செலவு செய் என்று ஒவ்வொரு முறையும் சட்டமன்றம் தனியாக மசோதா நிறைவேற்ற வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பது போல.

2011-ஐ நினைத்துப் பாருங்கள். அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆளுநர் மார்க் டேட்டன் ஒரு கட்சி, சட்டமன்றத்தின் இரு அவைகளும் இன்னொரு கட்சி. பட்ஜெட்டில் உடன்பாடு வரவில்லை. இங்கே நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். அன்றைக்கு அரசு இழுத்து மூடப்பட்டது, கூடவே மாநிலப் பூங்காக்களும். ஜூலை 4 சுதந்திர தின விடுமுறை, முகாம் இடங்களுக்கு வருடத்தின் உச்சப் பருவம், வாசலில் சங்கிலி. கிட்டத்தட்ட மூன்று வாரம் அப்படியே போனது. லெகசி வரி அந்த மூன்று வாரமும் கடைகளில் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது. புதிய ஈராண்டுக்கு அதைச் செலவழிக்க அனுமதி தரும் மசோதாவும் ஜூலை சிறப்புக் கூட்டத்தில்தான் நிறைவேறியது.

காரை உள்ளே விட வாங்கும் அனுமதிச் சீட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாநிலப் பூங்காவின் அன்றாடச் செலவு, அதாவது காவலர் சம்பளம், கழிப்பறை சுத்தம், புல்வெட்டு, பனி அள்ளுவது, விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவது, பல பைகளிலிருந்து வருகிறது. மாநிலத்தின் பொது நிதி ஒரு பை. நீங்கள் வாங்கும் சீட்டும் முகாம் கட்டணமும் இன்னொரு பை. அது பூங்காக்களுக்கென்று உள்ள கணக்கில்தான் விழும். லாட்டரிச் சீட்டில் விற்பனை வரிக்கு ஈடாக எடுக்கும் தொகையில் ஒரு பங்கும் உண்டு. லெகசி இவற்றின் மேல் ஊற்றும் நெய். திருத்தத்தின் வாசகமே அப்படித்தான்: இந்தப் பணம் வழக்கமான நிதியோடு கூடுதலாகச் சேர வேண்டும், அதற்கு மாற்றாகக் கூடாது. மக்கள் நமக்கென்று கொடுத்த பணத்தைக் காட்டி, அரசு தன் பங்கை நைசாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது.

நல்ல வாசகம்தான். நடைமுறையில் அதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். பொது நிதியை இந்த ஆண்டு ஏன் குறைத்தாய் என்றால், வருமானம் குறைந்தது, எல்லாத் துறைக்கும்தான் வெட்டு என்பார்கள். லெகசி இல்லாதிருந்தாலும் வெட்டியிருப்பீர்களா என்று யார் நிரூபிப்பது? மாற்றா கூடுதலா என்ற வாக்குவாதம் 2009-லிருந்து நடக்கிறது, 2034 வரை நடக்கும். இரட்டை நகர வட்டாரப் பூங்காக்களின் கதை இன்னும் கூர்மையானது. அவற்றின் பராமரிப்புச் செலவில் 40 சதவீதத்தை மாநிலம் தர வேண்டும் என்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. உண்மையில் வருவது பத்து சதவீதத்தை எட்டுவதே அரிது. மிச்சத்தை உங்கள் கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நகரமும் சொத்து வரியில் ஈடுகட்டுகின்றன. எழுதியது நாற்பது, வந்தது பத்து. யாரும் சிறைக்குப் போகவில்லை.

இப்போது லாட்டரி. 1988-ல் வாக்காளர்கள் சுற்றுச்சூழல், இயற்கை வள அறக்கட்டளை நிதி ஒன்றை அரசியல் சட்டத்தில் உருவாக்கினார்கள். 1990-ல் லாட்டரியின் நிகர வருமானத்தில் 40 சதவீதம் அதற்கு என்று உறுதி செய்தார்கள். இது லெகசி மாதிரி வரவர செலவழிக்கும் உண்டியல் இல்லை. முதல் அப்படியே நிற்கும், முதலீட்டில் வளரும். நிதியின் சந்தை மதிப்பில் ஒரு சிறு சதவீதம் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் எடுக்கலாம். இன்று அதன் மதிப்பு ஒன்றரை பில்லியன் டாலருக்கு மேல். நம் ஊரில் கோயில் நிலத்தின் குத்தகையில் பூசை நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை விற்றுப் பூசை செய்யக் கூடாது, அவ்வளவுதான் விதி.

இந்த நிதியில் யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்க 17 பேர் குழு ஒன்று இருக்கிறது. பத்துப் பேர் சட்டமன்ற உறுப்பினர்கள், ஏழு பேர் குடிமக்கள். இதன் மூதாதை 1963-ல் பிறந்தது. ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஒரு சென்ட் வரி போட்டு, அதை வெளிப்புறப் பொழுதுபோக்கு இடங்களுக்குச் செலவழிக்க ஒரு ஆணையம் வைத்தார்கள். அதுதான் பெயர் மாறி, 2006-ல் குடிமக்களும் சேர்ந்த இன்றைய குழுவானது. பல்கலைக்கழக ஆய்வாளர், கவுண்டி, பழங்குடி அரசு, தொண்டு அமைப்பு என்று யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். குழு படித்து, மதிப்பெண் போட்டு, நேர்காணல் செய்து பட்டியல் தருகிறது. பட்டியல் சட்டமன்றத்துக்குப் போகிறது. அங்கே அது அப்படியே நிறைவேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2018-ல் அது நன்றாகவே தெரிந்தது. கழிவுநீர்க் கட்டமைப்பு போன்ற வேலைகளுக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டு, அதன் தவணையை இந்த அறக்கட்டளை நிதியிலிருந்து கட்டுவது என்று கூட்டத்தொடரின் கடைசி நேரத்தில் முடிவு செய்தார்கள். 98 மில்லியன் டாலர் பத்திரம், வட்டி வேறு. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. கழிவுநீரும் சுற்றுச்சூழல்தானே என்பது ஒரு பக்க வாதம். அது ஊர்கள் வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலை, லாட்டரி நிதியைக் கடன் அடைக்கத் தொடாதே என்பது மறுபக்கம். என் மனசு மறுபக்கம்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வரும் முன்பே 2019-ல் சட்டமன்றமே பின்வாங்கி, அந்தச் செலவை வழக்கமான பத்திரங்களுக்கு மாற்றியது. ஆனால் அந்தக் கசப்பு போகவில்லை. 2020-ல் குழு தந்த பட்டியல் அந்த ஆண்டு நிறைவேறவே இல்லை. ஓராண்டு தள்ளி, 2021-ல்தான் பணம் வெளியே வந்தது. அந்த ஓராண்டில் ஆய்வு மாணவர்களை வேலைக்கு வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாட்டரிப் பங்குக்கு 2024 முடிவுவரைதான் ஆயுள் இருந்தது. அந்த நவம்பரில் மறுபடி வாக்குக்கு வந்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் 'ஆம்'. 2050 வரை நீட்டித்தாயிற்று. ஆண்டுக்கு எடுக்கும் உச்ச வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், சிறு ஊர்களும் குழுக்களும் எளிதாக விண்ணப்பிக்க ஒரு தனி மானியத் திட்டம் சேர்த்தார்கள். கழிவுநீர்க் கட்டமைப்புக்கு இந்த நிதியைத் தொடக் கூடாது என்பதையும் இந்த முறை எழுதியே விட்டார்கள். 2018 கற்றுக்கொடுத்த பாடம்.

அடுத்து உங்கள் பாலம். பாலம், கட்டடம், நிலம் வாங்குவது, புதிய டிரெயில் போடுவது போன்ற நிலைத்து நிற்கும் வேலைகளுக்கு இங்கே பெரிய பை கடன் பத்திரம்தான். மாநிலம் தன் பெயரில் கடன் வாங்கிக் கட்டுகிறது. சாதாரண பட்ஜெட்டுக்குப் பெரும்பான்மை போதும், பத்திர மசோதாவுக்கு ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். 134 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் 81, 67 பேர் கொண்ட செனட்டில் 41. ஆளும் கட்சியிடம் தனியாக அவ்வளவு வாக்கு இருப்பது அபூர்வம். எதிர்க்கட்சியின் தயவில்லாமல் பத்திர மசோதா கிடையாது என்று பொருள். எதிர்க்கட்சிக்கு இதைவிட நல்ல பிடி வேறு இல்லை. அவர்கள் கேட்கும் வரிச்சலுகைக்கும் உங்கள் பாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே கயிற்றில் தொங்கும்.

அதனால்தான் 2022-ல் பத்திர மசோதா வரவில்லை. 2024-லும் வரவில்லை, அந்த மே மாத இரவு கூச்சலும் குழப்பமுமாகக் கூட்டத்தொடர் முடிந்தது. நடுவில் 2023-ல் மட்டும் பெரிய அறுவடை: பத்திரமும் ரொக்கமுமாக 2.6 பில்லியன் டாலர் கட்டமைப்பு வேலைகளுக்கு. அந்த ஆண்டு மாநிலத்தின் உபரி மட்டும் 17 பில்லியனைத் தாண்டியிருந்தது. அதில் டிஎன்ஆருக்கும் ஒரே முறையாகக் கிட்டத்தட்ட 150 மில்லியன் டாலர் ரொக்கம் கிடைத்தது: பழைய முகாம் இடங்கள், படகுத் துறைகள், மீன் குஞ்சுப் பண்ணைகள் போன்றவற்றைச் சீர்படுத்த. 2025 ஜூனில் சிறப்புக் கூட்டத்தில் 700 மில்லியன் டாலர் பத்திர மசோதா நிறைவேறியது. உங்கள் பாலத்தை அடைத்து மூன்று கோடைகள் என்றால், 2023 ரயிலைத் தவறவிட்டு 2024-ல் நடைமேடையில் நின்ற பாலங்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல அது யாருடைய பாலம் என்று தெரிய வேண்டும்.

பத்திரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கடன் வாங்கிய பணத்தில் ஆள் சம்பளம் தர முடியாது, புல் வெட்ட முடியாது, தார் விரிசலை ஒட்ட முடியாது. பல ஆண்டு நிற்கும் சொத்தாக இருக்க வேண்டும். இதனால் ஒரு விபரீதம் நடக்கிறது: பத்தாயிரம் டாலரில் பலகையை மாற்றிப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய பாலம், அந்தப் பத்தாயிரம் எந்தப் பையிலும் இல்லாததால் இத்துப்போகிறது. முழுசாக இத்துப்போனதும், லட்சக்கணக்கில் செலவாகும் புதிய பாலமாகப் பத்திர மசோதாவுக்குத் தகுதி பெறுகிறது. புதுப் பாலத்துக்கு ரிப்பன் வெட்ட உறுப்பினர் வருவார், படம் எடுப்பார்கள். பலகை மாற்றியதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? பூங்கா நிதி பற்றி எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். லெகசி வரி கூட்டியும் இது முழுதாகத் தீரவில்லை.

இதே நோய் டிரெயில்களில் வேறு வடிவத்தில் வரும். மாநில டிரெயில் எது எது என்பதைச் சட்டமன்றம்தான் சட்டத்தில் எழுதி அங்கீகரிக்கிறது. அங்கீகரிப்பதற்குச் செலவு கிடையாது. அதனால் உறுப்பினர்கள் தாராளமாக அங்கீகரிப்பார்கள். வரைபடத்தில் ஒரு கோடு வந்துவிடும், ஊரில் விருந்து நடக்கும். நிலம் வாங்கவும் தார் போடவும் பணம் தனியாக, துண்டு துண்டாக, பல கூட்டத்தொடர்களில் வர வேண்டும். சுப்பீரியர் ஏரியின் வடகரையில் டூ ஹார்பர்ஸிலிருந்து கிராண்ட் மரே வரை போக வேண்டிய கிச்சி-காமி டிரெயில் கிட்டத்தட்ட 90 மைல் திட்டம். இருபது ஆண்டுக்கு மேலாக வேலை நடக்கிறது, இன்னும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம் பக்கம் ஓட்டிப் பாருங்கள், அருமையாக இருக்கும். திடீரென்று தார் முடிந்து நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பீர்கள். ஏட்டுச் சுரைக்காயை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்காவான இட்டாஸ்கா, மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடம், 1891-ல் சட்டமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிறந்தது. பூங்கா என்று சட்டம் சொல்லிவிட்டது. உள்ளே தனியார் கையிலிருந்த பைன் காடுகளை வாங்கப் போதிய பணம் தரவில்லை. மரம் வெட்டுவது பூங்காவுக்குள்ளேயே பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1903-ல் பூங்காவின் பொறுப்பில் இருந்த மேரி கிப்ஸ் என்ற 24 வயதுப் பெண், மரக்கம்பெனி அணைக் கதவை மூடித் தண்ணீரைத் தேக்கிக் கரை மரங்களை மூழ்கடித்ததற்காக, துப்பாக்கி வைத்திருந்த ஆட்களோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றார். பணம் கொடுக்காமல் அறிவித்த பூங்காவைக் காக்க, ஒரு பெண் தனியாக நிற்க வேண்டியிருந்தது.

பணத்தை வாங்கியே தீர்த்த கதையும் ஒன்று சொல்கிறேன், இல்லாவிட்டால் எல்லாம் புலம்பலாகத் தோன்றும். வெர்மிலியன் ஏரிக்கரையில் சுமார் ஐந்து மைல் கரையோடு மூவாயிரம் ஏக்கர் நிலம் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்திடம் இருந்தது. வீட்டு மனைகளாகப் போயிருக்க வேண்டிய இடம். 2007-ல் ஆளுநர் டிம் பாலென்டி அதைப் பூங்காவாக்கலாம் என்றார். சட்டமன்றம் பத்திரத்தில் பணம் ஒதுக்கியது, விலை படியவில்லை, இழுபறி, மறுபடி பேச்சு. 2010-ல் 18 மில்லியன் டாலருக்கு முடிந்தது. இன்று அது சூடன் என்ற ஊரின் பழைய இரும்புச் சுரங்கத்தோடு சேர்ந்த ஒரே பூங்கா. லிஃப்டில் ஏறி அரை மைல் ஆழத்துக்கு இறங்கலாம்.

பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களையும் சொல்லாமல் விட முடியாது. மாநிலத்தில் 22,000 மைலுக்கு மேல் ஸ்னோமொபைல் பாதை இருக்கிறது, பெரும்பகுதியைப் பராமரிப்பவர்கள் உள்ளூர் கிளப் தொண்டர்கள். பதிவுக் கட்டணமும் அந்த வண்டிகள் எரிக்கும் பெட்ரோலின் வரிப் பங்கும் மானியமாக அவர்களுக்கே திரும்புகிறது. வண்டி வைத்திருப்பவன் கட்டுகிறான், அவன் பாதைக்கே போகிறது. சைக்கிளுக்கும் நடைக்கும் அப்படி ஒரு வருமானம் கிடையாது. அதனால் சைக்கிள் டிரெயில் ஒவ்வொரு முறையும் பொதுப் பைகளின் முன்னால் கை ஏந்த வேண்டியிருக்கிறது.

இவ்வளவு குறை சொன்னாலும், தெற்கே பக்கத்து மாநிலமான அயோவாவைப் பார்த்தால் மினசோட்டாவைத் திட்ட மனசு வராது. 2010-ல் அயோவா வாக்காளர்களும் 63 சதவீத ஆதரவோடு இதேபோல ஒரு இயற்கை வள நிதியை அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். அதே எட்டில் மூன்று பங்குதான். ஒரே ஒரு வித்தியாசம்: வரியைத் திருத்தமே உயர்த்தவில்லை. அடுத்த முறை சட்டமன்றம் விற்பனை வரியை உயர்த்தும்போது, அந்த உயர்வில் ஒரு சதவீதத்தின் எட்டில் மூன்று பங்கு வரை முதலில் இந்த நிதிக்கு என்று எழுதினார்கள். சட்டமன்றம் வரியை உயர்த்தவே இல்லை. பத்தாண்டுக்கு மேலாக நிதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, உள்ளே காசு இல்லை. வாக்குச்சீட்டு வாசகத்தில் 'உயர்த்தப்படுகிறது' என்பதற்கும் 'உயர்த்தினால்' என்பதற்கும் இடையில் ஒரு மாநிலத்தின் ஈரநிலங்களே காத்துக் கிடக்கின்றன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் பாலம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். மாநில டிரெயில் என்றால் டிஎன்ஆர். கவுண்டி அல்லது பூங்கா மாவட்டம் என்றால் அது மெட்ரோபாலிட்டன் கவுன்சில் வழியாக நிதி பெறும் பத்து அமைப்புகளில் ஒன்றா என்று பாருங்கள். நகரத்துடையது என்றால் வேறு வழி: டிஎன்ஆரின் உள்ளூர் டிரெயில் மானியங்கள், அல்லது கடல் எண்ணெய்க் குத்தகைப் பணத்தில் நடக்கும் மத்திய அரசின் நில, நீர் பாதுகாப்பு நிதி. அந்த மத்திய நிதியில் பாதி நீங்கள் போட்டால்தான் பாதி அவர்கள் போடுவார்கள். எங்கள் குழு ஒருமுறை தோற்றது இங்கேதான். மானியம் கிடைக்கும் நிலையில் இருந்தது. எங்கள் பங்கை நகரம் அந்த ஆண்டு பட்ஜெட்டில் எழுதி வைக்க மறந்திருந்தது. அடுத்த சுற்றுக்கு ஒரு வருடம் காத்திருந்தோம்.

அப்புறம் காலண்டர். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் தொடங்கும் கூட்டத்தில் ஈராண்டு பட்ஜெட். லெகசி ஒதுக்கீடுகளில் பெரும்பாலானவை அப்போதுதான். இரட்டைப்படை ஆண்டு வழக்கப்படி பத்திர மசோதாவுக்கு. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், பத்திர மசோதாவைக் கவனிக்கும் சட்டமன்ற முதலீட்டுக் குழுவின் உறுப்பினர்கள் பேருந்தில் மாநிலம் சுற்றி இடங்களை நேரில் பார்ப்பார்கள். அவர்கள் வரும் நாளில் பாலத்தின் பக்கத்தில் பத்துப் பேர், முடிந்தால் சைக்கிளோடு குழந்தைகளும், நின்றால் அது நூறு மின்னஞ்சலுக்குச் சமம். பிப்ரவரியில் போய்க் கேட்டால் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும். உங்கள் தொகுதி உறுப்பினர் எதிர்க்கட்சி என்றால் கவலைப்பட வேண்டாம். ஐந்தில் மூன்று கணக்கில் அவர் வாக்கும் தேவைப்படும், அவர் கேட்பது சில சமயம் எளிதாகவே கிடைக்கும்.

லெகசி பணம் எந்த ஊரில் எதற்குப் போனது என்பதை அரசு ஒரு இணையதளத்தில் திட்டம் திட்டமாகப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் கவுண்டியைத் தேடிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். 2034 ஜூன் 30-ல் லெகசி வரி முடிகிறது. அதற்கு முன் மறுபடி வாக்குச்சீட்டில் வைக்கலாமா, இதே நான்கு பங்காகவா, பூங்காவின் 14.25-ஐக் கூட்டலாமா என்ற பேரத்தில் இந்த முறையும் வாத்துக்காரர்களும் கலைக்காரர்களும் தயாராக வருவார்கள். சைக்கிள்காரர்கள் யாரையாவது அனுப்ப வேண்டும். பாலம் யாருடையது என்று தெரிந்ததும் எழுதுங்கள்; எந்தக் குழுவின் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று சொல்கிறேன்.